வலப்பக்கமே ஒலிக்கும் பாட்டு

கடை வாசல் வெயில் காரின் முன்கண்ணாடியில் விரல் தடங்களையெல்லாம் காட்டிக் கொடுக்கிறது. பாட்டு முழுக்க வலது கதவிலிருந்தே வருகிறது என்ற குறையோடு அச்சகக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். "அந்த ஸ்பீக்கர் உங்க கிட்டக்க இருக்கு சார். இந்த டி.எஸ்.பி.ன்ற சவுண்டு பெட்டி அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, பாட்டை நடுவுல கொண்டுவந்துரும்" என்று ஆடியோ கடைக்காரர் லேப்டாப்பைத் தட்டுகிறார். அச்சகக்காரர் கண்ணை மூடிக் கேட்கிறார். பாடுகிறவள் கதவை விட்டு நகரவே இல்லை. "மாறலையே." கடைக்காரர் வயர்களைச் சரிபார்த்துவிட்டுத் தலையைச் சொறிகிறார். இடது சீட்டில் இருக்கும் அவர் மனைவியைக் கூப்பிடுகிறார்: "அம்மா, நீங்க உட்காந்து பாருங்களேன்." மனைவி ஸ்டியரிங் பக்கம் இடம் மாறி உட்கார்ந்ததுமே, "அட, எனக்கு நேரா நின்னுல்ல பாடுறா!" என்று கண்ணாடியைத் தொடப்போகிறாள். இப்போது இடது சீட்டுக்கு வந்துவிட்ட அவருக்கோ பாட்டு இன்னமும் வலப்பக்கம்தான். இடது கதவு ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று அதன் மேல் கையை வைக்கிறார். உள்ளங்கையில் அதிர்கிறது. கையை எடுக்காமல் அதையே பார்க்கிறார். கடைக்காரர் பாட்டை நிறுத்திவிட்டு இடது ஜன்னலுக்கு வந்து குனிகிறார். அச்சகக்காரரின் இடது காதுக்கு ஒரு சாண் தூரத்திலிருந்து கேட்கிறார்: "என்ன சார், போட்டுடலாமா?" அவர் அசையவில்லை. "உங்களைத்தான் கேக்கறாங்க" என்கிறாள் மனைவி. "யாரு?" என்றபடி அவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கிறார்.