போனை எடுத்த அம்மா

"பல் டாக்டருக்குத்தான் படிப்பேன்னா வெளிநாட்டுக்கே போகட்டும். எவ்வளவு தூரமா இருந்தா என்ன?"

சித்தி இப்படிச் சொன்னதும் சின்னுவுக்குச் சுருக்கென்றது.

"இவ எடுத்திருக்கற மார்க்குக்கு எவன் சீட் கொடுப்பான்?" என்றார் அப்பா. அச்சகத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்த களைப்பு அவர் குரலில் இருந்தது.

"கேட்டுப் பாத்தாத்தானே தெரியும்? கேக்காம இருந்தா எவனும் வந்து கதவைத் தட்டிக் கொடுக்க மாட்டான்."

சின்னு போனில் அத்தையிடம் சொன்னாள். அத்தைக்குக் கேட்கவா வேண்டும்!

"பாத்தியா, பாத்தியா! உங்கம்மா இடத்துக்கு வந்த சூடு கூட ஆறல. அதுக்குள்ள உன்னைக் கண்காணாத இடத்துக்குக் கிளப்பிவிடப் பாக்கறா!"

சின்னுவும் அதையேதான் நினைத்தாள். சித்தி வந்ததிலிருந்து சின்னு அவளை ஒரு தடவைகூட முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தாங்க', 'கேளுங்க' என்றே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனாலும் விண்ணப்பம் போட்டாள். ஆசை விடவில்லை.

"பரீட்சை சமயத்துல உங்கம்மா படுத்த படுக்கையா இருந்தாங்கள்ல? அதை எழுதும்மா, படிக்கறவங்க மனசு இளகும்" என்று யோசனை சொன்னார் கல்வி ஆலோசகர்.

"எங்கம்மா செத்ததைச் சொல்லி எனக்கு சீட் வேணாம் சார்."

அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கல்லூரிகள் வரிசையாகக் கை விரித்தன. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று மட்டும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது.

அன்று அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் நரைத்த தலையோடு ஒரு பேராசிரியை. படம் அடிக்கடி உறைந்தது. உதடு அசையாமலே குரல் மட்டும் வந்தது.

"உயிரியல்ல ரொம்பக் குறைஞ்சிருக்கே?" என்று தமிழிலேயே கேட்டார்.

"சரியாப் படிக்கல மேடம்."

"காரணம் எதுவும் இல்லையா?"

"இல்ல மேடம்."

பேராசிரியை சிரித்தார். "நீ சொல்லமாட்டேன்னு உன் அம்மா சொன்னாங்க."

சின்னுவுக்குக் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. "யாரு?"

"உன் அம்மா. நேரத்தை உறுதி பண்ணிக்க நேத்து உங்க வீட்டு நம்பருக்குப் பேசினேன். அவங்கதான் எடுத்தாங்க."

கதவு தாழிட்டபடியேதான் இருந்தது. இருந்தும் யாரோ பின்னால் வந்து நிற்பது போல முதுகு கூசியது. திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

"விரல்ல துணியைச் சுத்தி, உப்புத் தண்ணியில நனைச்சு, சூடு சரியா இருக்கான்னு முதல்ல உன் மணிக்கட்டுல வெச்சுப் பாப்பியாமே? அப்புறம்தான் வாயைத் துடைச்சு விடுவியாம். இடது பக்கம் கடைவாய்ப் புண்ணுகிட்டப் போகும்போது மட்டும் நின்னு, 'வலிச்சா என் விரலைக் கடிச்சுக்கோம்மா'ன்னு சொல்லுவியாம்."

படம் மறுபடி உறைந்தது. பேராசிரியையின் திறந்த வாய் அப்படியே நிற்க, குரல் மட்டும் தொடர்ந்தது.

"'அவ கை பட்டா வலிக்கறதே இல்ல'ன்னாங்க. நானும் இத்தனை காலமா பல் பிடுங்கறேன். ஒரு நோயாளி வாயிலேருந்தும் அப்படி ஒரு வார்த்தை வந்ததில்ல."

அம்மாவின் கடைசி நாட்களில் அறைக்குள் இருந்தது இரண்டே பேர். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. இரண்டு பேரில் ஒருத்தி இப்போது இல்லை.

"முதல் வருஷம் அடிப்படை வகுப்பு. அதுல தேறினா பல் மருத்துவம். சம்மதமா?"

தலையாட்டினாள்.

"நல்லது. அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

சின்னு வாய் திறப்பதற்குள் திரை அணைந்தது. கருத்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

கூடத்தில் சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து போன்... நீங்களா எடுத்தீங்க?"

சித்தி தலைநிமிரவில்லை. "ஆமா. 'அம்மாவா?'ன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். தப்பா எடுத்துக்காதே."

"அதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது? மணிக்கட்டு, கடைவாய்ப் புண்ணு... யார் சொன்னது?"

"நீதான்."

"நானா? நான் உங்ககிட்டப் பேசறதே கிடையாதே!"

மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள் சித்தி. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது.

"உங்கப்பா வேலைக்குப் போனப்புறம், நான் படுத்திருக்கற உங்கம்மா கட்டிலுக்குத் தூக்கத்துல எழுந்து வருவே. கண்ணு திறந்தே இருக்கும், ஆனா என்னைப் பாக்காது. கையில கிண்ணமும் துணியும் இருக்கும். முதல் தடவை பயந்து நடுங்கிட்டேன். ஒரு தடவை எழுப்பிப் பாத்தேன். 'எங்கம்மா எங்கே'ன்னு நீ அழுத அழுகையை என்னால தாங்க முடியல. விடிஞ்சா உனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. அந்தக் கட்டிலு கண்ணுல படாத தூரத்துக்குப் போனாத்தான் நீ நிம்மதியாத் தூங்குவேன்னு தோணிச்சு."

சின்னு அவள் எதிரில் உட்கார்ந்தாள். "அப்ப... இப்பல்லாம் நான் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"'வாயைத் திறம்மா'ன்னு சொல்லுவே. திறப்பேன்."