ஜன்னலில் மூன்றாவது கண்ணாடி

பனிக்காலம் வந்துவிட்டால், அந்தத் தேயிலை எஸ்டேட் பள்ளியின் ஒன்றாம் வகுப்புக்கு ஜன்னல்தான் சிலேட்டு. பவுலின் டீச்சர் ஆளுக்கொரு கண்ணாடி ஒதுக்கியிருந்தார். ‘ஹா’வென்று ஊதி, படிகிற ஆவியில், வரும் வழியில் பார்த்ததை விரலால் வரைய வேண்டும். மூன்றாவது கண்ணாடி நிஷாந்தியுடையது. போன மாதம் அவள் அப்பா அம்மாவோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். பக்கத்துக் கண்ணாடிக்காரி சுடர், அன்றிலிருந்து இரண்டு கண்ணாடியிலும் ஊதினாள்.

“டீச்சர், இவ ரெண்டாள் மூச்சு விடுறா!” என்று கெவின் சிரித்தான்.

“போனவ இடத்துல உனக்கென்னடி வேலை? உன்னோடதுல வரை,” என்றார் டீச்சர்.

சுடர் தன் கண்ணாடிக்கு நகர்ந்தாள். ஏன் ஊதுகிறாள் என்று சொன்னால், டீச்சர் அந்தக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துவிடுவார்.

திங்கட்கிழமை ரோஷிணி என்று புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். டீச்சர் அவளை மூன்றாவது கண்ணாடி முன்னால் நிறுத்திவிட்டுப் போனார். சுடர் தன் கண்ணாடியை விட்டுத் திரும்பிப் பார்த்தாள். ரோஷிணி எக்கி நின்று ஊதினாள். வெள்ளையாகப் படிந்த ஆவிக்குள்ளிருந்து இரண்டு பொம்மைகள் கைகோத்தபடி எழுந்து வந்தன. ஒன்றுக்கு ஒற்றைச் சடை. இன்னொன்றுக்குச் சுடரைப் போல இரட்டைச் சடை. வரையத் தூக்கிய விரலோடு ரோஷிணி அப்படியே நின்றாள்.

“யாரு வரைஞ்சது?”

“நிஷாந்தி. அழிச்சிடாத.”

“அவ எங்க?”

“இங்க இல்ல. ஊதினா மட்டும் வருவா.”

பேசிக்கொண்டிருக்கும்போதே பொம்மைகள் மங்கி மறைந்தன. கண்ணாடிக்கு அப்பால் வெறும் பனி. ரோஷிணி விரலை மடக்கிக்கொண்டு, மறுபடியும் வாயைக் கண்ணாடியருகே கொண்டுபோனாள்.