ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு மெக்கானிக்

சாயப்பட்டறை வைத்து நொடித்துப்போன சென்னியப்பனால் மனைவி கோகிலவாணியின் தையல் யூனிட்டுக்குள் நுழைய முடியாது. நொடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டால், ஆர்டர் தரும் கம்பெனி யூனிட்டுக்குப் போடும் தொடர்பு மதிப்பெண் இறங்கும். அறுபதுக்குக் கீழே போனால் ஆர்டர் தானாகவே வேறு யூனிட்டுக்குப் போய்விடும். கோகிலவாணியின் மதிப்பெண் அறுபத்தொன்று. கம்பெனி மாட்டிய வாசல் கேமராவுக்குச் சென்னியப்பனின் முகம் தெரியும். போனில் பேசினாலும் பதிவாகிவிடும்.

அன்று சாயங்காலம் சரக்கு போக வேண்டும். துணி ஓரம் அடிக்க இருந்த ஒரே ஓவர்லாக் மெஷின் நின்றுவிட்டது. வெளி மெக்கானிக் நாளைக்குத்தான் வருவேன் என்றுவிட்டான். சரிசெய்யத் தெரிந்த புருஷன் ரோட்டுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

“லூப்பரைக் கழட்டு புள்ள!” என்று கத்தினார்.

“எதுங்க லூப்பர்?”

“கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும்!”

“இங்க எல்லாமே வளைஞ்சுதான் கெடக்குது!”

பிசிறு வெட்டும் பெண்கள் சிரித்தார்கள். போகிற லாரிச் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. முக்கால் மணி நேரம் கத்திய பிறகு, அவள் தப்பான ஸ்க்ரூவைத் திருகி ஊசியை முறித்தாள்.

“அட, உன்ற கையில குடுத்தா வெளங்கிரும்!” என்று சென்னியப்பன் ரோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். நாலே நிமிஷத்தில் மெஷின் ஓடியது. அதற்குள் அவள் போனில் ஆர்டர் ரத்து என்று வந்துவிட்டது. வெட்டிய துணியைத் திரும்ப எடுத்துப்போக வண்டியும் கிளம்பிவிட்டதாம்.

அவர் கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டு மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தார்.

“இனி எங்க போறீங்க?” என்றாள் கோகிலவாணி. “அதான் எல்லாம் போச்சே. உக்காந்து சோறு தின்னுட்டுப் போங்க.”