மாறிப்போன மூடிகள்

தணிகாசலத்தின் மேசை இழுப்பறையில் இரண்டு டியூப்கள் கிடந்தன. ஒன்றில் பிசின், இன்னொன்றில் அதை இறுக வைக்கும் அமீன். இரண்டும் கலந்தால்தான் எதுவும் ஒட்டும். அமீன்மேல் லேசாக மீன் வாடை அடிக்கும். அந்தக் கூச்சத்தில் அது ஓரமாகவே ஒதுங்கிக் கிடந்தது.

பக்கத்தில் கைப்பிடி உடைந்த ஒரு பீங்கான் கோப்பை; உடைந்த கைப்பிடி அதற்குள்ளேயே கிடந்தது.

"பயப்படாதே. நாங்க இருக்கோம்ல, உன்னை ஒட்டாம விட்டுடுவோமா?" என்று அமீன் அதற்குத் தினமும் தைரியம் சொல்லும்.

ஒருநாள் தணிகாசலம் ஒரு பொம்மையின் காலை ஒட்டினார். அதற்குள் யாரோ கூப்பிட, அவசரத்தில் ஒன்றின் மூடியை மற்றதற்குப் போட்டுத் திருகிவிட்டுப் போனார். அமீனின் வாயில் பிசினின் ஈரம் பட்டது.

"என்னைத் தொட உனக்கு அருவருப்பா இல்லையா?" என்றது அமீன்.

"இதுக்காகத்தானே காத்திருந்தேன்," என்றது பிசின்.

அவை பேசிய கடைசிப் பேச்சு அதுதான். விடிவதற்குள் இரண்டின் வாயும் கல்லாக இறுகிவிட்டன.

கோப்பையின் முறை வந்தபோது மூடிகள் அசையவில்லை. தணிகாசலம் பல்லால் கடித்துக்கூடப் பார்த்தார். "எல்லாம் காஞ்சு போச்சு," என்று டியூப்களையும் கோப்பையையும் சேர்த்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கோப்பை கேட்டது.

கழுத்துவரை நிரம்பியிருந்த அமீன் முட்டி மோதிப் பார்த்தது. வாய் திறக்கவில்லை.

கோப்பை தன் கைப்பிடியிடம் சொன்னது: "ஒண்ணுமே இல்ல. இத்தனை நாளும் நம்மகிட்ட சும்மா சொல்லியிருக்கு."