பௌர்ணமிப் படம்

பஞ்சாட்சரம் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் பழைய லென்ஸ் ஒன்று வாங்கினார். அதைச் சோதிக்க, பௌர்ணமியன்று பொழுது சாயும் நேரத்தில் தன் போட்டோ ஸ்டுடியோ மாடியிலிருந்து திருத்தணி மலைமேல் எழுந்த நிலாவைப் படமெடுத்தார். மறுநாள் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி வரலட்சுமியிடம் காட்டினார்.

"நிலாவுல குழிகூடத் தெரியுது பாரு!"

அவள் நிலாவைப் பார்க்கவில்லை. "கீழ கோயில் படியேறிகினு போறது யாருங்க?"

உற்றுப் பார்த்தவர் உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

"நேத்து நான் மருந்து வாங்க அரக்கோணம் போயிருந்தேன்" என்றாள்.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "வரலு, பாத்திரத்த எடும்மா."

கால் விளங்கவில்லையென்று எட்டு மாதமாகப் படுத்திருக்கும் அவள் அண்ணனின் குரல். தினமும் அவள்தான் அவனுக்கு மலம் அள்ளினாள்.

வரலட்சுமி உள்ளே போய்ப் படத்தை அவன் மடியில் எறிந்தாள்.

"முந்நூத்தி அறுவத்தஞ்சு படி ஏறத் தெரியுது. கொல்லைக்குப் போவத் தெரியலையாண்ணா?"