தெருமுனையில் தெரியும் விளக்கு

“அண்ணே, எங்க வீட்டுக்காரர் வண்டி தெருமுனைக்கு வரும்போதே எனக்குத் தெரியணும். லைட்டு ஏதாச்சும் போட முடியுமா?”

தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து இருக்கன்குடி ரோட்டு ஒர்க்ஷாப்புக்கு வந்த தங்கத்தாய், சர்வீசுக்கு விட்டிருந்த வண்டியைக் காட்டிக் கேட்டாள்.

“இண்டிகேட்டர்ல ரெண்டு பிலமென்ட் உள்ள பல்பா மாட்டித் தாரேன் தாயி. ஒண்ணு எந்நேரமும் எரியும். இன்னொண்ணு திரும்பும்போது மட்டும் மின்னும்” என்றான் மெக்கானிக் சங்கிலிமுத்து.

“நான் கேட்டேன்னு அவுககிட்ட சொல்லிராதீக.”

“புருசன் மேல அம்புட்டுப் பிரியம். அதைச் சொல்ல வெக்கமாக்கும்?”

அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பார்க்கிங் லைட் வயரைப் புது ஹோல்டரில் சேர்க்கும்போது சங்கிலிமுத்துவுக்கு ஏக்கமாக இருந்தது. அவன் வருகிறானா என்று எட்டிப் பார்க்க எந்த வீட்டிலும் ஆள் இல்லை.

அந்தி சாய்ந்தும் அவள் புருசன் வண்டியை எடுக்க வரவில்லை. வாசலில் ஒருத்தி காத்திருக்கும் வீட்டுக்குப் போவது எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க, சங்கிலிமுத்துவே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

தெருமுனையில் திரும்பியதுமே, வாசலில் நின்ற தங்கத்தாய் இரண்டு மஞ்சள் விளக்குகளையும் பார்த்துவிட்டாள்.

“ஏட்டி, அப்பா வந்துட்டாக, ஓடு” என்று மகளை முன்னால் தள்ளிவிட்டு, தானும் பக்கத்து வீட்டுக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.