இருபது அடி சரிதா

“பஸ்ல போற மாப்பிள்ளைங்கெல்லாம் பாதி வழியில எறங்கி வந்து பொண்ணு கேக்கப் போறானுங்க, பாரு” என்றாள் சாந்தம்மா. ஷெட்டிலிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

கெம்பம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மகள் சரிதாவின் போட்டோவை மேசையில் வரிசையாக இருந்த மற்ற போட்டோக்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மத்திகிரியில் நாலு வருடமாக மூடிக் கிடந்த உதிரிபாகக் கம்பெனியின் ஷெட் அது. பெங்களூரிலிருந்து வந்த வடிவமைப்பாளர்கள் ஏழெட்டுப் பேர், அதைத் தையலுக்கும் ஓவியத்துக்கும் கம்ப்யூட்டர் வேலைக்குமான பொது இடமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் எங்கே, குழாய் எங்கே என்பதைக்கூடத் தெருக்காரர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள்.

கடைசியாக மிச்சம் இருந்தது சுவர். இந்த ஊரில் உழைக்கும் ஒருவருடைய முகத்தை அதில் பெரிதாக வரையப் போகிறார்கள். யாருடைய முகம் என்பதற்கு அன்று ஓட்டு.

சீட்டு கிடையாது. ஷெட்டில் கிடந்த பழைய போல்ட்டுகளை ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள். பிடித்த முகத்துக்கு முன்னால் இருக்கும் டம்ளரில் போட வேண்டும்.

கெம்பம்மா தளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே வாடகை வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு கம்பெனியில் கூட்டித் துடைக்கும் வேலை. யாரிடமும் வாய் திறக்காதவள், இந்த ஒரு மாதமாக வீடு வீடாகப் போய் மகளுக்கு ஓட்டுக் கேட்டாள். கேட்ட வீட்டில் தண்ணீர்க் குடம் இருந்தால் தூக்கி வைத்துவிட்டு வந்தாள்.

அவளுடைய பை திறந்திருந்தது. அதே போட்டோ உள்ளே நாற்பது, ஐம்பது இருந்தது.

“தரகருங்களுக்குக் குடுக்க இத்தினியா?” என்றாள் சாந்தம்மா. “அது சரி, பொண்ண ஒரு நாளாச்சும் எங்க கண்ணுல காட்டுனியா? தீவாளிக்குக்கூட வரலயே.”

“கம்பெனி ஹாஸ்டல்ல இருக்கறா. ஷிப்டு. லீவு குடுக்கறதில்ல.” கெம்பம்மா பையின் வாயைச் சுருக்கிக் கட்டினாள்.

கம்பெனியில் முப்பது வருடம் வாட்ச்மேனாக இருந்த நாராயணப்பன்தான் ஜெயிப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். எண்ணிப் பார்த்தால் அவருக்கு நாற்பது போல்ட், சரிதாவுக்கு நாற்பத்தொன்று.

“என்னுதும் அந்தப் பாப்பா டம்ளர்லதான் கெடக்குது” என்றார் நாராயணப்பன். “இந்த மூஞ்சிய நானே பாக்கறதில்ல. ரோட்டுல போறவன் என்ன பாவம் பண்ணான்?”

கெம்பம்மா அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

வரைய வந்தவன் பாலாஜி. வடிவமைப்பாளர்களில் ஒருவன்.

“உள்சுவர்ல வரையட்டுமாம்மா? வெயில் படாது. பத்து வருசம் அப்படியே இருக்கும்.”

“வேணா தம்பி. ரோட்டுப் பக்கம்தான் வேணும். கம்பெனி பஸ்ஸெல்லாம் அப்படித்தான போவுது.”

“பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வெச்ச மாதிரி?”

“மஞ்ச சுடிதாரு. கழுத்துல கறுப்புக் கயிறு. எடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு இருக்குது, அத வுட்டுறாத. அஞ்சடி ரெண்டு அங்குலம்.”

பாலாஜி சிரித்துவிட்டான். “சுவத்துல இருபது அடி இருப்பாங்கம்மா.”

“இருக்கட்டும்” என்றாள் அவள்.

சாரம் கட்டி ஒன்பது நாள் வரைந்தான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் வந்து கீழே நிற்பாள். பஸ் போகும்போதெல்லாம் சுவரை விட்டுவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தையே பார்ப்பாள். பெற்றவளுக்கு இருக்கிற பெருமை என்று பாலாஜி நினைத்துக்கொண்டான்.

முகம் முடிந்தபோது புருவம் முழுசாக இருந்தது. “அம்சமா இருக்கறா. கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணுக்குத் தழும்பு எதுக்கு?” என்று சாந்தம்மாதான் பாலாஜியிடம் சொல்லியிருந்தாள்.

“போடு தம்பி.” கெம்பம்மாவின் குரல் உயர்ந்து அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள். “அது இல்லன்னா அது எம்பொண்ணு இல்ல.”

பாலாஜி மறுபடி ஏறி, புருவத்தை நடுவில் அறுத்தான்.

பத்தாம் நாள் சாரத்தைப் பிரித்தார்கள். தெருவே வந்து நின்று பார்த்தது. சுவரின் அடியில் ‘சரிதா’ என்று வெள்ளை எழுத்தில் இருந்தது.

“திருப்திதானம்மா?” என்றான் பாலாஜி.

அவள் தலையாட்டினாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். அதில் ஒரு போன் நம்பர் இருந்தது. “பேருக்குக் கீழ இத எழுதிடு. பஸ்ல போறவங்களுக்குத் தெரியற அளவுக்குப் பெருசா.”

“நான் சொன்னன் இல்ல?” என்று சாந்தம்மா கைதட்டினாள். “மாப்பிள்ள வூட்டுக்காரங்க கூப்புட வாணாமா?”

பாலாஜிக்கும் சிரிப்பு வந்தது. “இது ஊருக்கான படம்மா. நம்பரெல்லாம் எழுதினா விளம்பரம் மாதிரி ஆயிடும்.”

கெம்பம்மா தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஷிப்ட் முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஒன்று கடந்து போனது. கடைசி ஜன்னல் மறையும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“ரெண்டு வருசமா ஊரூரா போயி ஒட்டுற நோட்டீசெல்லாம் மழையில கரைஞ்சி கரைஞ்சி போவுது, தம்பி. நம்பர் இல்லன்னா, இவள எங்கயாச்சும் பாத்தவங்க யாருக்குச் சொல்லுவாங்க?”